குதிரைக்கு எங்கே செலவாகிறது: மதுரையிலிருந்து ஒரு கணக்கு

"பிள்ளையைக் குதிரையேற்றத்தில் சேர்த்திருக்கீங்களாமே, எவ்வளவு ஆகும்?" இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. எந்தப் போட்டிக்கு என்று நான் திருப்பிக் கேட்பேன். கேட்டவர் குழம்பிப்போவார். குதிரை என்றால் குதிரைதானே, அதில் என்ன போட்டிக்குப் போட்டி கணக்கு என்று நினைப்பார்கள். ஆனால் செலவு மாறுவதே அங்கேதான்.

என் தம்பி மேலூருக்கு அந்தப் பக்கம் எங்கள் ஊரில் பந்தய வண்டிக்குக் குதிரை வளர்க்கிறான். திருவிழாக்களில் நடக்கும் எல்கைப் பந்தயங்களுக்குப் போவான். என் மகள் நகரத்துக்கு வெளியே ஒரு பயிற்சிப் பள்ளியில் சவாரி கற்று, இப்போது போட்டிகளுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். ஆக, ஒரே குடும்பத்தில் இரண்டு கணக்கு நோட்டுகள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதும், மற்ற பிரிவுகளில் இருப்பவர்களிடம் பேசியபோதும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது ஒன்று உண்டு. குதிரையின் விலையை வைத்து எந்தப் போட்டி நமக்குக் கட்டுப்படியாகும் என்று முடிவு செய்யக் கூடாது. ஒவ்வொரு போட்டியும் பணத்தை வேறு வேறு இடத்தில் கேட்கிறது. நம்மால் எந்த இடத்தில் கொடுக்க முடியும் என்று பார்த்துத்தான் போட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் எல்லோருக்கும் பொதுவான செலவு. 450, 500 கிலோ எடையுள்ள குதிரைக்கு உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு காய்ந்த தீவனம் என்பது பொதுக் கணக்கு. அதாவது நாளுக்கு 9, 10 கிலோ. பச்சையாகக் கொடுத்தால் இது பல மடங்காகும், ஏனென்றால் கோ-4 புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். நம் பக்கம் பலர் வைக்கோலைப் போட்டுச் சமாளிக்கலாம் என்று நினைக்கிறார்கள். மாட்டுக்கு அசைபோடும் வயிறு இருக்கிறது, சரி. குதிரைக்கு அது கிடையாது. வெறும் வைக்கோலில் வயிறு கட்டிக்கொண்டால் நடுராத்திரியில் டாக்டரைத் தேடி ஓட வேண்டும். அறுவைச் சிகிச்சை வரை போனால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிதான் கதி. குதிரைமசால், அருகம்புல், ஊறவைத்த கொள்ளு, கோதுமைத் தவிடு, மதுரை வெயிலுக்குக் கூடுதல் உப்பு என்று பார்த்தால், புல் சொந்தமாக விளையாதவர்களுக்குத் தீவனம் மட்டுமே மாதம் பத்தாயிரம் ரூபாயை ஒட்டி வருகிறது. லாயத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளம் அதைவிட அதிகம். டிரெஸாஜ் (அசைவுகளுக்கு மதிப்பெண் போடும் சவாரிப் போட்டி) ஆடும் குதிரையும் வண்டி இழுக்கும் குதிரையும் இதில் ஏறக்குறைய ஒன்றுதான்.

வித்தியாசம் லாடத்தில் தொடங்குகிறது. மாட்டுக்கு லாடம் அடிப்பவர்கள் நம் ஊர்ப்பக்கம் இன்னும் இருக்கிறார்கள். குதிரைக்கு அடிப்பவர்கள் மிகக் குறைவு. எங்களுக்கு வரும் பெரியவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். முன்னங்காலைத் தூக்கித் தன் இரண்டு தொடைக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த குளம்பை வெட்டி, அரத்தால் சமன் செய்வார். புது லாடத்தை வைத்துப் பார்ப்பார், எடுப்பார், பட்டறைக்கல்லில் நாலு தட்டு தட்டி மறுபடி வைப்பார். இது பொருந்தும்வரை ஆணியைத் தொடமாட்டார். ஆணி குளம்புச் சுவரின் உணர்ச்சியற்ற ஓரத்தில் ஏறி மேலே வெளியே வர வேண்டும். ஒரு நூல் உள்ளே போனாலும் குதிரை நொண்டிவிடும். வெளியே வந்த நுனியை முறித்து மடக்கி அரத்தால் தேய்த்துவிட்டு, விரலால் தடவிப் பார்ப்பார். அந்தக் கடைசித் தடவலுக்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன்.

இந்த வேலை ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை எல்லாக் குதிரைக்கும் உண்டு. ஆனால் தம்பியின் குதிரை தார்ச்சாலையில் ஓடுவதால் அதன் லாடம் அதற்கு முன்பே தேய்ந்துவிடும். புல்தரையில் தாண்டும் குதிரைக்கு லாடத்தில் துளையிட்டு, வழுக்காமல் இருக்கத் திருகு குமிழ்கள் மாட்டுவார்கள். நெடுந்தூரம் ஓடும் குதிரைக்கு லாடத்துக்கு அடியில் மெத்தை வைப்பதும் உண்டு. அமெரிக்கர்களின் ரெய்னிங் போட்டியில் பின்னங்காலுக்கு அகலமான வழுவழுப்பான லாடம், சறுக்கி நிற்பதற்காக. ஒரு குதிரையின் பாதத்தைப் பார்த்தாலே அதன் சொந்தக்காரர் எதற்குப் பணம் கொடுக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

இனி ஒவ்வொன்றாக. டிரெஸாஜ் பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்காதது போலத் தெரியும். 20 மீட்டர் அகலம், 60 மீட்டர் நீளம் கொண்ட மணல் களம், ஓரங்களில் எழுத்துகள், குறிப்பிட்ட எழுத்துக்கு நேரே குறிப்பிட்ட அசைவு. ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று நடுவர்கள் மதிப்பெண் போட்டு, கடைசியில் சதவீதமாக்குவார்கள். பெங்களூருவில் ஒரு போட்டிக்குத் தம்பியும் உடன் வந்திருந்தான். "ஓட்டமும் இல்ல, தாண்டலும் இல்ல, இதுக்கா அண்ணே இவ்வளவு காசு?" என்றான். கொஞ்ச நேரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவன், "அந்தப் புள்ள கையே அசையலயே, குதிரை எப்படித் திரும்புது?" என்றான். அங்கேதான் காசு போகிறது. குதிரை காதில் விழாத பேச்சைக் கேட்கப் பழக வேண்டும். அதற்கு வருடக்கணக்கில், வாரம் தவறாமல், நல்ல ஆசிரியர் ஒருவர் களத்தின் நடுவில் நிற்க வேண்டும். சர்வதேச அளவில் உச்சநிலையான கிராண்ட் பிரி போட்டியில் இறங்கக் குதிரைக்குக் குறைந்தது 8 வயது ஆகியிருக்க வேண்டும். அதுவரை தின்ற புல்லுக்கும் வாங்கிய பாடத்துக்கும் யாரோ ஒருவர் கட்டணம் கட்டியிருப்பார்.

உச்சத்தில் விலை நம் கற்பனைக்கு அடங்காது. டோட்டிலாஸ் என்ற கறுப்புக் குதிரை 2010-இல் ஏறக்குறைய ஒரு கோடி யூரோவுக்குக் கைமாறியதாகப் பத்திரிகைகள் எழுதின. ஆனால் தொடக்க நிலைகளில் டிரெஸாஜ் நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டக்கூடியது என்பது என் அனுபவம். பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் போதும். மணல் களம் ஒன்று போதும். குதிரைக்குக் காலில் அடி குறைவு. பதினைந்து வயதைத் தாண்டியும் ஆடும் குதிரைகள் உண்டு. கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பாடத்துக்குப் போகிறது, அது பிள்ளையின் உடம்பிலேயே தங்குகிறது. குதிரை மாறினாலும் அது மாறாது.

கம்புத் தடைகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் நேர்மாறு. ஒரு கம்பு விழுந்தால் 4 குற்றப்புள்ளி, முடிந்தது. நடுவரின் ரசனைக்கு இடமில்லை என்பதாலேயே பெற்றோர்களுக்கு இது பிடிக்கும். தொடக்கத்தில் 60, 80 சென்டிமீட்டர் உயரம். எந்தக் குதிரையும் தாண்டிவிடும், செலவு பெரிதாகத் தெரியாது. உயரம் ஒரு மீட்டரைக் கடந்து 1.20, 1.30 என்று ஏற ஏற, தாண்டக்கூடிய குதிரைகளின் எண்ணிக்கை சுருங்கி விலை ஏறும். உச்சத்தில் 1.60 மீட்டர். இரண்டாவது சங்கதி, இங்கே ஒவ்வோர் உயரப் பிரிவுக்கும் தனித்தனி நுழைவுக் கட்டணம். பிள்ளை ஒரே வார இறுதியில் நாலைந்து சுற்றில் இறங்க ஆசைப்படும். லாயத்துக்கு நாள் வாடகை, கூட வந்த ஆளுக்குச் சாப்பாடு, தங்கும் இடம். எல்லாம் முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் குதிரையின் காலைத் தடவிப் பார்த்துச் சூடு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை வரும். ஒவ்வொரு தாண்டலிலும் முழு எடையும் முன்னங்காலில் இறங்குகிறது. தசைநாண் ஒன்று கிழிந்தால் மாதக்கணக்கில் நிற்க வேண்டும். நிற்கிற குதிரையும் நாளுக்கு 10 கிலோ தின்னும். ஜம்பிங்கில் மிகப் பெரிய செலவு இந்த நிற்கும் மாதங்கள்தான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

ஈவென்டிங் என்பது டிரெஸாஜ், திறந்தவெளியில் நிலையான தடைகளைத் தாண்டும் கிராஸ் கன்ட்ரி, ஷோ ஜம்பிங் மூன்றும் சேர்ந்தது. எனவே சேணமும் ஒன்றுக்கு மேல் வேண்டும். டிரெஸாஜ் சேணத்தில் தொடைப்பகுதி நேராக நீண்டிருக்கும், தாண்டும் சேணத்தில் முன்னால் வளைந்திருக்கும். ஒன்றை வைத்து மற்றதை ஒழுங்காகச் செய்ய முடியாது. கான்பூரில் தைத்த சேணம் ஐரோப்பியச் சேணத்தின் விலையில் ஒரு சிறு பங்குதான். நல்ல ஐரோப்பியச் சேணம் என்று போனால் மூவாயிரம் யூரோவுக்கு மேல், அதாவது லட்சங்களில். தொடக்கத்தில் கான்பூர் சேணமே போதும், ஆனால் குதிரையின் முதுகில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். கிராஸ் கன்ட்ரிக்கு மார்புக் கவசம் கட்டாயம். கவசத்திலும் தலைக்கவசத்திலும் மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கூடாது. ஒருமுறை பலமாக அடிபட்ட தலைக்கவசம் வெளியே கீறல் இல்லாவிட்டாலும் தூக்கிப்போட வேண்டியதுதான்.

பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்சா 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஈவென்டிங்கில் தனிநபர் வெள்ளி வாங்கினார், டோக்கியோ ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை போனார். அவருடைய படத்தைப் பார்த்துவிட்டுப் பல பிள்ளைகள் ஈவென்டிங் என்று ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் அதற்கேற்ற நிலம் இந்தியாவில் பெரும்பாலும் ராணுவத்திடமும் பெருநகரங்களிலும்தான் இருக்கிறது. மதுரையிலிருந்து தொடங்குபவர் மூன்று பிரிவுக்கும் பயிற்சி தேடி மூன்று பக்கம் அலைய வேண்டியிருக்கும்.

என்டூரன்ஸ் பற்றி நம் பக்கம் யாரும் பேசுவதில்லை. எனக்கு அதில்தான் நம்பிக்கை அதிகம். 40, 80, 120 என்று போய் 160 கிலோமீட்டர் வரை ஒரே நாளில் கடக்கும் போட்டி இது. தூரத்தைச் சுற்றுகளாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு சுற்று முடிவிலும் கால்நடை மருத்துவர் பார்ப்பார். குறித்த நேரத்துக்குள் குதிரையின் நாடி நிமிடத்துக்கு 64-க்கோ அதற்குக் கீழோ இறங்க வேண்டும். நொண்டல் இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் போட்டி அத்தோடு முடிந்தது. விலையுயர்ந்த வார்ம்பிளட் என்ற ஐரோப்பிய இனக் குதிரைகளுக்கு இங்கே வேலையில்லை. அரபுக் குதிரைகள் கோலோச்சும் இடம், நம் மார்வாரி, கத்தியவாரி குதிரைகளும் ஈடுகொடுக்கும். பயிற்சிக்குக் களம் கட்ட வேண்டாம். மேலூர்ப் பக்கம் பெரியாற்றுக் கால்வாய்க்கரை மண்பாதை கிலோமீட்டர் கணக்கில் கிடக்கிறது. விடியுமுன் கிளம்பினால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம். இங்கே செலவு ஆட்களிடம். சுற்றுக்குச் சுற்று தண்ணீர் ஊற்றவும், ஐஸ் வைக்கவும், சேணத்தை இறக்கி ஏற்றவும் நாலு பேர் வேண்டும், வண்டி வேண்டும். மாமன் மச்சான் என்று வந்து நிற்கும் சனம் நமக்குப் பஞ்சமா? பெரிய நகரத்தில் சம்பளம் கொடுத்து அமர்த்துகிற கூட்டம் நம் வீட்டில் கூப்பிட்டாலே வரும்.

டென்ட் பெக்கிங்கும் செலவு குறைந்ததே. நாலுகால் பாய்ச்சலில் ஈட்டியால் தரையில் உள்ள முளையைக் குத்தித் தூக்க வேண்டும். தைரியமான குதிரையும் நீண்ட நேரான மைதானமும் போதும். ஆனால் இது ராணுவமும் காவல்துறையும் ஆளும் இடம், தனியாளாக நுழைவது கடினம்.

சவாரியே இல்லாத கண்காட்சிகளும் உண்டு. ஆடி மாதம் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தைக்குப் போனவர்களுக்குத் தெரியும். மார்வாரியின் நுனி தொட்டுக்கொள்ளும் காதுகளையும், வெள்ளைக் குதிரைகளையும், ஆட்டக் குதிரைகளையும் சுற்றிக் கூட்டம் நிற்கும். ராஜஸ்தானில் புஷ்கர், மகாராஷ்டிரத்தில் சாரங்கேடா என்று இதன் பெரிய வடிவங்கள் உண்டு. அங்கே காதும் கழுத்தும் நிறமும் சுழியும் விலையைத் தீர்மானிக்கின்றன. ஒரு சுழி தப்பான இடத்தில் இருந்தால் அருமையான குதிரையும் பாதி விலைக்குக் கேட்கப்படும். சவாரிக்கு வாங்குபவர்களுக்கு இது நல்ல வாய்ப்பு. சுழி ஓடாது, கால்தான் ஓடும்.

தம்பியின் வண்டிப் பந்தயத்துக்கு வருகிறேன். நுழைவுக் கட்டணம் குறைவு. போட்டி பக்கத்து ஊரில், அதிகம் போனால் சிவகங்கை, புதுக்கோட்டை. ஜெயித்தால் கையில் ரொக்கம், ஊர் பெயர் ஒலிபெருக்கியில். மேலே சொன்ன எல்லாவற்றிலும், போட்ட காசில் கொஞ்சமாவது திரும்பி வருவது இதில்தான். இந்த நியாயத்தைத் தம்பி விட்டுக்கொடுக்கமாட்டான். நானும் மறுப்பதில்லை. ஆனால் தார்ச்சாலையின் அதிர்ச்சி முழுவதும் குதிரையின் மூட்டில் இறங்குகிறது. இது யாருடைய நோட்டிலும் எழுதப்படாத செலவு. அதைக் குதிரை கட்டுகிறது. "மண்ரோட்டுல மட்டும் ஓட்டு, பயிற்சிக்கு கால்வாய்க்கரைக்குக் கொண்டுபோ" என்று நான் சொன்னதைத் தம்பி கேட்டுக்கொண்டான், பயிற்சிக்கு மட்டும். போட்டியில் பாதையை அவன் தேர்ந்தெடுக்க முடியாதே.

குதிரைக்குப் பணத்தைக் கொட்டுவது மதுரைக்குப் புதிதில்லை. திருவாதவூரார் குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொன்னைக் கோயிலுக்குச் செலவழித்ததும், நரிகள் பரிகளாக வந்ததும் நமக்குத் தெரிந்த கதை. வரலாற்றுக் கதை இன்னும் வேதனையானது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஹொர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் கப்பலில் வந்த குதிரைகளை எழுதிவைத்திருக்கிறார். ஒரு குதிரை 500 சாகி (அவர் ஊரான வெனிஸின் எடை அளவு) தங்கம். அரசன் ஆண்டுக்கு 2,000-க்கு மேல் வாங்கினானாம். ஆண்டு முடிவில் 100 கூட உயிரோடு மிஞ்சவில்லையாம். லாடம் அடிக்கவும் நோய் பார்க்கவும் தெரிந்த ஆள் இங்கே இல்லை, வியாபாரிகள் அப்படிப்பட்டவர்களை வரவும் விடவில்லை என்று காரணமும் சொல்கிறார். கருவூலம் நிறைய இருந்தும் அந்தக் குதிரைகள் பிழைக்கவில்லை. இன்று ஒருவர் என்னிடம் குதிரை வாங்கப் பணம் இருக்கிறது என்று சொன்னால், லாடம் அடிக்க யார் வருவார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.

மதுரைக்காரர்களுக்கு என்று தனியாக ஒரு செலவு உண்டு, அது தூரம். பெரிய போட்டிகள் சென்னையிலும் பெங்களூருவிலும்தான் நடக்கின்றன. இரண்டும் நானூறு கிலோமீட்டருக்கு மேல். பகல் வெயிலில் ஏற்ற முடியாது என்பதால் லாரி இரவில் கிளம்பும். ஒத்தக்கடையைத் தாண்டும்போதே குதிரைக்கு வியர்த்திருக்கும். தலையை உயரக் கட்டி விட்டால் தூசியும் சளியும் நுரையீரலில் இறங்கிக் காய்ச்சல் வரும், அதனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையைத் தாழ்த்த விட வேண்டும். ஏற்றும்முன் மருத்துவரின் தகுதிச் சான்றிதழ் கட்டாயம். போய்ச் சேர்ந்ததும் ஒரு நாளாவது ஓய்வு. இத்தனையும் சேர்த்தால், பல போட்டிகளில் நுழைவுக் கட்டணம் லாரி வாடகையில் ஒரு சிறு பகுதிதான். பெங்களூருக்காரப் பிள்ளைக்கு மலிவாகத் தெரியும் அதே ஜம்பிங், நம் பிள்ளைக்கு ஆடம்பரமாகிவிடுகிறது. அதனால் நாங்கள் போகும் போட்டிகளைக் குறைத்து, அந்தப் பணத்தைப் பாடத்துக்குத் திருப்பிவிட்டோம். சில போட்டிகளில் அங்கேயே ஒரு பள்ளிக் குதிரையை வாடகைக்கு எடுத்து மகள் டிரெஸாஜ் ஆடுகிறாள். பழகாத குதிரையில் மதிப்பெண் குறையும். ஆனால் எந்தக் குதிரையோடும் பேசக் கற்றுக்கொள்கிறாள்.

இதே தூரம் நாட்டு அளவிலும் இருக்கிறது. 2023-இல் ஹாங்ஜோ ஆசியப் போட்டியில் இந்திய டிரெஸாஜ் குழுவுக்குத் தங்கம் கிடைத்தது, குதிரையேற்றத்தில் 41 ஆண்டுக்குப் பிறகு. அந்த நால்வரும் ஐரோப்பாவில் தங்கிப் பயிற்சி எடுத்தவர்கள். நோய்த்தடுப்பு விதிகளால் இந்தியாவில் இருக்கும் குதிரையை வெளிநாட்டுப் போட்டிக்குக் கொண்டுபோவது அவ்வளவு கடினமாக இருந்தது. 2025-இல் மீரட்டில் ராணுவத்தின் குதிரை மையம் நோயற்ற வளாகமாகச் சர்வதேச அங்கீகாரம் பெற்றிருக்கிறது. இங்கேயே வளர்ந்து பழகிய குதிரை வெளியே போய் ஆட ஒரு வழி திறந்தால், வருங்காலப் பிள்ளைகளின் பெற்றோர் ஐரோப்பாவில் வீடெடுத்துக் கொடுக்க வேண்டியிருக்காது.

கடைசியாக, யாரும் கேட்காத செலவு. குதிரை இருபத்தைந்து, முப்பது வருடம் வாழும். பந்தயக் குதிரை ஐந்தாறு வயதில் ஓய்வு பெறுகிறது. ஜம்பிங் குதிரைக்குப் பதினைந்து வயது வரை, டிரெஸாஜுக்கு இன்னும் சற்றுக் கூட. வண்டிக் குதிரை மூட்டு போனால் பத்து வயதிலேயே நின்றுவிடும். மீதி வருடங்களுக்கும் புல், தண்ணீர், லாடம் அல்லது குளம்பு வெட்டுவதாவது வேண்டும். ஒரு போட்டி வகை மலிவா என்று கணக்கிடும்போது இந்த வருடங்களையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். சேர்த்தால் டிரெஸாஜும் என்டூரன்ஸும் தெரிவதைவிட மலிவு, வண்டிப் பந்தயம் தெரிவதைவிடச் செலவு. தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் சண்டைக்கு வரவில்லை. ஓடி ஓய்ந்த பழைய குதிரையை அவன் விற்காமல் தென்னந்தோப்பில் விட்டு இன்றும் தீனி போடுகிறான்.

பயிற்சிப் பள்ளி தேடும் பெற்றோரிடம் நான் சொல்வது இதுதான்: கட்டணம் கேட்பதற்கு முன், உங்கள் லாயத்தில் ஓய்வு பெற்ற குதிரைகள் எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள், முடிந்தால் போய்ப் பாருங்கள். ஒரு பள்ளியில் இதற்கு "அதெல்லாம் கொடுத்துட்டோம் சார்" என்று பதில் வந்தது. யாருக்கு என்று கேட்டேன், சொல்லவில்லை. கட்டணம் அங்கே குறைவுதான். மகளை வேறு இடத்தில் சேர்த்தோம்.